டேலி பேக்அப் இருக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்

ஆம்பூர்கணக்கு:

வணக்கம். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். கீழே கட்டிங், ஸ்டிச்சிங். மேலே ஒரு சின்ன அறைதான் ஆபீஸ். போன வாரம் சாயங்காலம் இடி மின்னலோடு மழை பிடித்ததில் ஆபீஸ் கம்ப்யூட்டர் போய்விட்டது. மதர்போர்டும் போச்சு, உள்ளே டேட்டா இருந்த எஸ்எஸ்டியும் போச்சு என்று சர்வீஸ்காரர் சொல்லிவிட்டார். புது கம்ப்யூட்டர் வாங்கி, கணக்கு மென்பொருளான டேலியும் போட்டாகிவிட்டது. டேட்டாதான் இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் 1 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் எடுத்து பீரோவில் வைப்போம். மழை வந்த அன்றும் அது பீரோவில்தான் இருந்தது. அதனால் தைரியமாக இருந்தேன். இப்போது அதை மாட்டினால் நீல விளக்கு எரிகிறது, விண்டோஸ் மாட்டிய சத்தம் கொடுக்கிறது, உடனே கழற்றிய சத்தமும் கொடுக்கிறது. மறுபடி மாட்டிய சத்தம். இப்படியே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு தடவை மூலையில் 'யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று வந்தது. இன்னொரு தடவை 'திஸ் பிசி'யில் டிரைவ் வந்தது, கிளிக் செய்தால் மேலே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருந்து அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் 'டிஸ்க் 1, நாட் இனிஷியலைஸ்டு' என்று காட்டி, இனிஷியலைஸ் செய்யட்டுமா என்று கேட்டது. பயந்து கேன்சல் கொடுத்துவிட்டேன்.

காதோரம் வைத்துக் கேட்டால் ரொம்ப மெல்லிசாக 'பீப், பீப்' என்று ஒரு சத்தம். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை.

பஜாரில் ஒரு கடையில் காட்டினோம். ஃபார்மட் செய்துவிட்டு ரெக்கவரி சாப்ட்வேர் ஓட்டினால் எல்லாம் வந்துவிடும் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பி போட வேண்டும், அது ஒரு பக்கம். அதைவிட எனக்குப் பெரிய கவலை, தைக்கிற பெண்களின் பீஸ் ரேட் கணக்கு. யார் எந்த மாடலில் எத்தனை ஜோடி தைத்தார்கள், யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் பாக்கி, தீபாவளி போனஸுக்கு வருடக் கூலி எவ்வளவு என்பதெல்லாம் எக்செல்லில் போட்டு இதில்தான் வைத்திருக்கிறேன். உங்கள் கணக்கு போய்விட்டது என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. தெரிந்தவர்கள் உதவுங்கள்.


நியூடவுன்தம்பி:

அக்கா, எனக்கும் இப்படி வந்தது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் கமாண்டைப் போட்டு கூடவே ஆர் ஆப்ஷன் கொடுங்கள். பேட் செக்டர், அதாவது படிக்க முடியாமல் போன சின்ன இடங்களை எல்லாம் அதுவே சரி பண்ணிவிடும். நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். அதற்கு முன்னால் டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுத் திரும்ப மாட்டிப் பாருங்கள்.


காட்பாடிசர்வீஸ்:

தங்கச்சி, கேன்சல் கொடுத்ததும் சரி, கடையிலிருந்து திரும்ப வாங்கி வந்ததும் சரி. இனிமேலும் இனிஷியலைஸ், ஃபார்மட், ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ் என்று விண்டோஸ் என்ன கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

காட்பாடியில் ரொம்ப வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆற்காடு பக்கத்திலிருந்தெல்லாம் டிஸ்க்குகள் என் மேஜைக்கு வரும். தானாகக் கெட்டு வருவதைவிட, சரி செய்கிறேன் என்று நாலு பேர் கை வைத்துக் கெட்டு வருவதுதான் அதிகம். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கைச் சரி செய்வது ஒரு வேலை, அதற்குள் இருப்பதை வெளியே எடுப்பது வேறு வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும், அந்தப் பெண்களின் கணக்கு கிடைக்காது.

நியூடவுன் தம்பி நல்ல மனசோடு சொல்கிறார். ஆனால் செக்டிஸ்க் இப்போது வேண்டாம். நல்ல டிஸ்க்கில் ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு, மட்டும் குழம்பியிருந்தால் அது உபயோகமான கருவி. ஆர் ஆப்ஷன் கொடுத்தால் டிரைவின் ஒவ்வொரு கிளஸ்டரையும் படித்துப் பார்க்கும். 1 டிபி டிஸ்க்கில் அது மணிக்கணக்கான வேலை. பலவீனமான டிஸ்க்குக்கு அவ்வளவு வேலை கொடுத்தால் பாதியில் நின்றுவிடலாம். அதோடு அது படிப்பதோடு விடாது, எழுதவும் செய்யும். எந்த ஃபோல்டருக்குச் சொந்தம் என்று தெரியாத துண்டுகளை எல்லாம் ஃபவுண்ட் 000 என்ற ஃபோல்டரில் பெயர் தெரியாத ஃபைல்களாகத் தள்ளிவிடும். டேலி டேட்டா அப்படிப் போனால் ஒட்ட வைப்பது பெரும்பாடு. இணைப்பு இப்படி வந்து வந்து போகும் டிஸ்க்கில் எழுத விடுவது இன்னும் ஆபத்து.

சரி, உங்கள் டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மெல்லிய பீப் சத்தம். டிஸ்க்குக்குள் ஸ்பீக்கர் கிடையாது. மோட்டார் சுழலப் பார்த்து, முடியாமல் நிற்கும்போது வருகிற சத்தம் அது. முக்கியமாக இரண்டு காரணத்தால் வரும். ஒன்று, தேவையான கரண்ட் போய்ச் சேரவில்லை. இன்னொன்று, உள்ளே டேட்டாவைப் படிக்கும் முனையான ரீட் ஹெட், சுழலும் தட்டின் மேல் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பெரும்பாலும் டிஸ்க் கீழே விழுந்தால் வரும். உங்களுடையது விழவில்லை, பீரோவில்தான் இருந்தது. அப்புறம் மாட்டிய சத்தமும் கழற்றிய சத்தமும் மாறி மாறி வருகிறது, நடுவில் ஒரு தடவை டிரைவே வந்திருக்கிறது. அதனால் கரண்ட் பிரச்னையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இந்த இரண்டரை அங்குல டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் இல்லை. யூஎஸ்பி வயரில் வரும் 5 வோல்ட்தான் எல்லாமே. சுழல ஆரம்பிக்கிற அந்தச் சில நொடிகளில்தான் மோட்டார் அதிகமாகக் கரண்ட் இழுக்கும். யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு விதித்திருப்பது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட்டுக்கு 900. வயர் நீளமாகவோ மெலிதாகவோ இருந்தால், அல்லது பின் சரியாகத் தொடாவிட்டால், வழியிலேயே வோல்ட் குறையும். மோட்டார் நின்றுவிடும், டிஸ்க்கின் இணைப்பு அறுந்து போகும், மறுபடி ஆரம்பிக்கும். நீல விளக்கு எரிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த விளக்குக்கு வேண்டியது கொஞ்சம் கரண்ட்தான். 'நாட் இனிஷியலைஸ்டு' என்பதையும் டேட்டா போய்விட்டதாக நினைத்துப் பயப்பட வேண்டாம். டிஸ்க்கின் முதல் செக்டரை விண்டோஸால் அந்த நேரத்தில் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஓகே கொடுத்திருந்தால் அந்த இடத்தில் புது அட்டவணையை எழுதியிருக்கும்.

இதைச் செய்யுங்கள். புது கம்ப்யூட்டரில் முன்பக்க போர்ட்டில் மாட்டினீர்களா? கேபினெட்டின் முன்பக்க போர்ட் உள்ளே ஒரு வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. பின்பக்கத்தில் இருப்பது மதர்போர்டிலேயே பற்ற வைத்தது. பின்னால் நீல நிறத்தில் இருக்கும் போர்ட்டில் நேராக மாட்டுங்கள். நடுவில் எக்ஸ்டென்ஷன், ஹப் எதுவும் கூடாது.

அதற்கு முன்னால் டிஸ்க்கில் வயர் சொருகும் வாயைப் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். அகலமாக, இரண்டு பாகமாக இருக்கும். பெரிய பாகம் பழைய ஆண்ட்ராய்டு போன் சார்ஜர் வாய் மாதிரியே இருக்கும், பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன பாகம். தோல் வேலை நடக்கிற இடத்தில் பஃபிங் தூசு எங்கும் போய் உட்காரும். தூசு இருந்தால், வயர் எதுவும் மாட்டாத நிலையில், காய்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் மெதுவாக எடுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம். யூனிட்டில் கம்ப்ரசர் இருக்கும், அந்தக் காற்றை அடித்துவிடாதீர்கள். அதில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்து வரும்.

இப்போது ஒரு விஷயம், பல பேருக்குத் தெரியாது. அந்த வாயின் பெரிய பாகத்தில் சாதாரண பழைய மைக்ரோ யூஎஸ்பி போன் கேபிள் அப்படியே பொருந்தும். டிஸ்க் அதிலும் வேலை செய்யும், யூஎஸ்பி 2 வேகத்தில். 5 வோல்ட் வருகிற பின் அந்தப் பெரிய பாகத்தில்தான் இருக்கிறது. அதனால் டிஸ்க்கோடு வந்த கேபிள் கெட்டிருந்தாலும், அந்தச் சின்ன பாகத்துப் பின்கள் கெட்டிருந்தாலும், போன் கேபிளில் டிஸ்க் எழுந்து வந்துவிடும். சார்ஜ் மட்டும் ஆகிற கேபிள் ஆகாது, போட்டோ ஏற்ற உபயோகித்த டேட்டா கேபிளாக இருக்க வேண்டும். குட்டையாக, கொஞ்சம் தடிமனாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

மாட்டியதும் டிஸ்க்கைக் கையில் பிடிக்காதீர்கள், தூக்கிப் பார்க்காதீர்கள். மேஜையில் படுக்க வைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கவனியுங்கள். ஒரே சீராக ஓடுகிற சத்தம் வந்தால் நல்லது. 'டிக்... டிக்... டிக்' என்று தாளம் தப்பாமல் தட்டினால் அந்த நிமிஷமே வயரைப் பிடுங்கிவிடுங்கள். அது ஹெட் போன சத்தம். தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். கெட்ட ஹெட் ஓடுகிற ஒவ்வொரு நொடியும் தட்டைச் சுரண்டலாம். அப்படியானால் வீட்டிலோ என் மாதிரி கடையிலோ திறக்கக் கூடாது. தூசில்லாத அறை வைத்திருக்கும் ரெக்கவரி லேப் சென்னையிலோ பெங்களூரிலோதான் பார்க்க வேண்டும். துணியில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் வேர்க்கும்.

சீராக ஓடினால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அளவு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 1 டிபி என்றால் 931.51 ஜிபி என்று வர வேண்டும். அதைக் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். ஃபோல்டருக்குள் போய்த் தேட வேண்டாம்.


ஆம்பூர்கணக்கு:

அண்ணா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னது போல முன்பக்கப் போர்ட்டில்தான் மாட்டியிருந்தேன். பழைய கம்ப்யூட்டரில் பின்னால் மாட்டுவோம், புதியதில் கைக்கு எட்டியது முன்பக்கம்.

டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தச் சின்ன பாகத்தில் பழுப்பாகத் தூசு அடைத்துக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. தோல் தூசேதான். பிரஷ்ஷால் எடுக்க எடுக்க வந்தது. கேபிளின் முனையும் ஒரு பக்கம் லேசாக அகன்று ஆடுகிறது. கீழே சூப்பர்வைசர் அக்காவிடம் பழைய போன் கேபிள் ஒன்று இருந்தது, அதை வாங்கிப் பின்னால் மாட்டினேன்.

பீப் நின்றுவிட்டது! ஒரே சீராக ஓடுகிற சத்தம். கழற்றிய சத்தம் வரவே இல்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 931.51 ஜிபி, என்டிஎஃப்எஸ், ஹெல்தி என்று காட்டுகிறது. டிரைவ் எழுத்தும் வந்துவிட்டது.

ஆனால் முதலாளியின் மகன் அவசரப்பட்டு டிரைவைத் திறந்துவிட்டான். முதல் பக்கத்து ஃபோல்டர்கள் எல்லாம் தெரிந்தன. டேலி ஃபோல்டரைத் தொட்டதும் மறுபடி பச்சைக் கோடு, எக்ஸ்ப்ளோரர் முழுக்க உறைந்துவிட்டது. அவன் இன்ஜினியரிங் படிக்கிறான், டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒன்றைப் போட்டுப் பார்த்தான். மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று வருகிறது. சி5 என்ற வரியில் கடைசியில் 30 என்று இருக்கிறது, 05 வரியில் 0. இப்போது டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டோம். என்ன செய்யட்டும்?


காட்பாடிசர்வீஸ்:

கழற்றி வைத்தது நல்லது. அந்தப் பையன் சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

ஆக, இரண்டு கோளாறு ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. முதலாவது கேபிள், அது தீர்ந்தது. இரண்டாவது தட்டிலேயே சில இடங்கள் படிக்க முடியாமல் இருப்பது. சி5 வரியில் இருப்பது 'கரண்ட் பெண்டிங் செக்டர்'. படிக்க முயன்று முடியாமல், என்ன செய்வதென்று முடிவாகாமல் நிறுத்தி வைத்திருக்கும் செக்டர்களின் கணக்கு. அந்த மென்பொருள் சாதாரணமாக ஹெக்ஸ் எண்ணில், அதாவது பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணித்தான் காட்டும், அதனால் 30 என்றால் மூன்று பதினாறு, 48. ஒரு டிபியில் 48 செக்டர் என்பது கடுகளவுகூட இல்லை. ஆனால் அது எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்பதுதான் விஷயம். கரண்ட் பாதியில் அறுந்தபோது எழுதிக்கொண்டிருந்த இடமாக இருக்கலாம்.

விண்டோஸ் ஏன் உறைகிறது என்றால், படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் ஃபோல்டரைத் திறந்தாலே ஆன்டிவைரஸ் ஒரு பக்கம், தம்ப்நெயில் ஒரு பக்கம், தேடல் இண்டெக்ஸ் ஒரு பக்கம் என்று எல்லாம் சேர்ந்து டிஸ்க்கைப் போட்டு இழுக்கும். அதனால் விண்டோஸில் வேண்டாம். அந்தப் பையனிடம் ஒரு பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, 'ட்ரை' கொடுத்து பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம். அதில் டிஸ்க்கை 'ரீட் ஒன்லி'யாக மவுண்ட் செய்யச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் ஒரு எழுத்துகூட அதில் எழுதப்படாது.

புத்தகப்படி சொல்வதென்றால் முதலில் டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். அருமையான கருவி அது. முதலில் சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு, அடம் பிடிக்கிற இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். எதுவரை எடுத்தோம் என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வேறு யாராவது கேட்டால் நானும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் விஷயத்தில் வரிசையை மாற்றச் சொல்கிறேன். போன் கேபிளில் நொடிக்கு 30 எம்பி வேகம் வந்தால் அதிகம். 1 டிபி முழுக்க எடுக்க 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் எங்கும் தடங்கல் இல்லாவிட்டால். உங்களுக்கு உயிரான டேட்டா எல்லாம் சேர்த்தே 1 ஜிபிகூட இருக்காது. டிஸ்க் இப்போது சீராக ஓடுகிற இந்த நேரத்தில் அதை முதலில் எடுத்துவிடுங்கள். பீஸ் ரேட் எக்செல் ஃபைல்கள் முதலில். அடுத்து இந்த வருட டேலி ஃபோல்டர். அப்புறம் பழைய வருடங்கள். போட்டோ, வீடியோ எல்லாம் கடைசி. ஒரு ஃபைல் சிக்கிக்கொண்டால் அதோடு மல்லுக்கட்டாமல் கேன்சல் செய்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதெல்லாம் கைக்கு வந்த பிறகு டிடிரெஸ்க்யூவை ஓட விடலாம். எடுத்து வைக்கிற டிஸ்க் 1 டிபியைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுங்கள். இந்த மாதிரி போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில் வேலை செய்யும் வெப்பநிலை 35 டிகிரி வரை என்றுதான் இருக்கும். கத்திரியில் வேலூர் மாடி அறை எவ்வளவு காயும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் சீக்கிரமாகவோ, ஏசி இருக்கிற முதலாளி அறையிலோ வைத்துச் செய்யுங்கள். டிஸ்க்கைப் போட்டு வைக்கும் பை, கவர் இருந்தால் எடுத்துவிட்டு (டிஸ்க்கைத் திறக்க வேண்டாம்), பக்கத்தில் ஃபேன் ஓடட்டும். யூபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.


வாலாஜாகணக்கர்:

மேடம், நானும் கணக்கு வேலைதான். டிஸ்க் பற்றி அண்ணன் சொல்வதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவேளை சில ஃபைல்கள் வராமல் போனாலும் நீங்கள் உடைந்துபோக வேண்டியதில்லை, அதற்காக எழுதுகிறேன்.

நீங்கள் ஏற்கெனவே போட்ட ஜிஎஸ்டிஆர் 1, 3பி எல்லாம் போர்ட்டலிலேயே இருக்கும், இறக்கிக்கொள்ளலாம். விற்பனைப் பக்கம் அதிலிருந்தே தெரிந்துவிடும். வாங்கியது, உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பியில் வரும். பேங்க் ஸ்டேட்மென்ட்டை எக்செல்லாகவே வாங்கிவிடுங்கள். இந்த மூன்றும் இருந்தால் டேலியில் புத்தகத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். கை ஒடியும், ஆனால் முடியும். வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அதனால் பழைய வருடங்களையும் விட்டுவிட முடியாது.

கூலி விஷயத்தில் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அந்தப் பெண்களுக்குப் பிஎஃப் கட்டுகிறீர்கள் என்றால், மாதா மாதம் ஏற்றும் ஈசிஆர் ஃபைல் பிஎஃப் போர்ட்டலில் கிடைக்கும். அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் அந்த மாத மொத்தக் கூலி இருக்கும். போனஸ் கணக்குக்கு அது பெரிய ஆதாரம். அட்வான்ஸ் பாக்கி மட்டும் அதில் வராது. கொடுத்த வவுச்சர்களை இப்போதே ஒன்றாக எடுத்து வையுங்கள்.

டேலி ஃபோல்டரைக் காப்பி செய்யும்போது, எண் போட்ட அந்தக் கம்பெனி ஃபோல்டரை முழுசாக எடுக்க வேண்டும். உங்கள் டேலி ஈஆர்பி 9 என்றால் 900 என்றும், பிரைம் என்றால் 1800 என்றும் முடியும் ஃபைல்கள் நிறைய இருக்கும். முக்கியமான ஒன்று குறைந்தாலும் கம்பெனி திறக்காது. டேலியிலிருந்தே பேக்அப் கொடுத்திருந்தால் டிபிகே என்று ஆரம்பிக்கும் ஃபைல் தனியாக இருக்கும், அதையும் தேடி எடுங்கள். ஃபோல்டரில் சிக்கல் என்றால் அது கை கொடுக்கும். டேலியில் ரிப்பேர், ரீரைட் எது செய்தாலும் காப்பியில் செய்யுங்கள், அதுவும் இன்னொரு காப்பி எடுத்து வைத்த பிறகு.


ஆம்பூர்கணக்கு:

அண்ணா, சார், எல்லோருக்கும் நன்றி. எடுத்துவிட்டோம்.

காலையில் யூனிட்டில் மெஷின்கள் ஓட ஆரம்பிக்கும் முன்பே முதலாளி அறையில் ஏசி போட்டு, தம்பி உபுண்டுவில் மாட்டினான். விண்டோஸில் உறைந்த அதே ஃபோல்டர் இதில் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தது. கூலி எக்செல் ஃபைல்கள் மொத்தமும் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் திறந்து கடைசி வாரம் வரை பார்த்தேன், யாருடைய வரியும் விடுபடவில்லை. சூப்பர்வைசர் அக்கா நோட்டில் எழுதி வைத்திருந்த அட்வான்ஸோடு ஒத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

இந்த வருட டேலி ஃபோல்டர் முழுசாக வந்தது. புது கம்ப்யூட்டரில் திறந்து, பேங்க் பேலன்ஸ் சரி பார்த்தாகிவிட்டது. கடைசி சனிக்கிழமைக்குப் பிறகு போட்ட என்ட்ரிகள் மட்டும் இல்லை, அவற்றுக்கு பில்லும் டெலிவரி சலானும் ஃபைலில் இருப்பதால் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2022-23 ஃபோல்டரில்தான் ஒரு ஃபைல் சிக்கிக்கொண்டது. அங்கேதான் எக்ஸ்ப்ளோரரும் நின்றிருக்கும் போலிருக்கிறது. சார் சொன்ன டிபிகே ஃபைல் வேறொரு ஃபோல்டரில் இருந்தது, அதை ரீஸ்டோர் கொடுத்ததும் அந்த வருடமும் திறந்துவிட்டது. டிடிரெஸ்க்யூ இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய மாடல் போட்டோக்களில் சில பாதி சாம்பல் நிறமாக வருகின்றன, அது பரவாயில்லை.


நியூடவுன்தம்பி:

சந்தோஷம் அக்கா. காட்பாடி அண்ணா, ஒரு சந்தேகம். டேட்டாவை எடுத்தாகிவிட்டதே, இப்போது அந்த டிஸ்க்கை முழு ஃபார்மட் செய்துவிட்டுத் திரும்ப உபயோகிக்கலாமா? சி5 குறைந்துவிடும் என்று படித்தேன்.


காட்பாடிசர்வீஸ்:

குறையலாம் தம்பி. நிறுத்தி வைத்த செக்டரின் மேல் எழுதினால், அது தேறினால் சி5இலிருந்து கழிந்துவிடும், தேறாவிட்டால் மாற்று இடம் ஒதுக்கி 05 வரியில் ஏற்றிவிடும். கேபிளால் கரண்ட் அறுந்து வந்த கோளாறு மட்டும்தான் என்றால் முழு ஃபார்மட்டுக்குப் பிறகு இரண்டும் 0 ஆகவே நிற்கும். அப்படி நின்றால் பாட்டு, படம் வைத்துக்கொள்ளட்டும். 05 ஏற ஆரம்பித்தால் அதற்கும் வேண்டாம். கணக்கு மட்டும் இனி அதில் வைக்கவே கூடாது.

தங்கச்சி, புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கச் சொல்லுங்கள். உங்கள் டேட்டாவுக்குப் பெரிய அளவு தேவையில்லை, சுழலும் தட்டு இல்லாத சின்ன எஸ்எஸ்டியே போதும். ஒரு சனிக்கிழமை ஒன்று, அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. உபயோகத்தில் இல்லாதது முதலாளி வீட்டில் இருக்கட்டும். ஒரே பீரோவில் இரண்டையும் வைத்தால் ஒன்று வைத்த மாதிரிதான். சொருகும் வாய்க்கு ஒரு ரப்பர் மூடி போடுங்கள், அல்லது ஜிப் கவரில் போட்டு வையுங்கள், தோல் தூசு போகாது.

பழைய டிஸ்க்கைக் கழித்துவிடுவதாக இருந்தால் அப்படியே காயலான் கடைக்குப் போட வேண்டாம். அதில் அத்தனை பெண்களின் ஆதார் எண்ணும் பேங்க் கணக்கு எண்ணும் இருக்கும். ஓடுகிற நிலையில் இருந்தால் விண்டோஸில் குயிக் ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள், ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யம் எழுதிவிடும். ஓடவில்லை என்றால் என் கடைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள், தட்டில் துளை போட்டுத் தருகிறேன். டிடிரெஸ்க்யூ முடிந்து, எல்லா ஃபைலையும் ஒரு தடவை திறந்து பார்த்த பிறகுதான் இதெல்லாம்.